வார்ப்பிரும்புச் சட்டியும் பீச் காப்ளரும்: ஆறு கோடை அனுபவம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குக் குடிவந்த வருஷம் வாங்கிய பத்து அங்குல வார்ப்பிரும்புச் சட்டி இது. ஆறு கோடையாக இதில்தான் பீச் காப்ளர் என்ற பழ இனிப்பைச் செய்கிறேன். பழத்தைச் சர்க்கரையோடு நிரப்பி, மேலே மாவுக் கட்டிகளை வைத்து ஓவனில் சுட வேண்டும், அவ்வளவுதான். பை (pie) மாதிரி அடியில் மாவு தேய்க்கிற வேலை இல்லை. சுலபம் என்று இறங்கினேன். முதல் இரண்டு கோடையும் சரியாக வரவில்லை.

மேலே பொன்னிறமாக இருக்கும்; கரண்டியை விட்டால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் பசையாக வரும். சூட்டைக் கூட்டிப் பார்த்தேன், மேல்பக்கம் கருகியதுதான் மிச்சம். கோளாறு பழத்தில் இருந்தது. பழம் குளிர்ந்திருந்தால், அது சூடேறும்வரை மாவு சாற்றில் ஊறிக்கொண்டே கிடக்கும். இப்போது பழத்தை அடுப்பிலேயே கொதிக்கவிட்டு, அந்தச் சூட்டோடு மாவை வைத்து, சட்டியை அப்படியே 190 டிகிரி செல்சியஸ் ஓவனில் தள்ளிவிடுகிறேன். 35 நிமிடம். கண்ணாடிப் பாத்திரத்தில் இந்த வசதி கிடையாது. இந்தச் சட்டியை நான் விடாததற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு கிலோ பழத்துக்கு அரை கப் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி கான்ஃப்ளார், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. கான்ஃப்ளார் கொதித்தால்தான் கெட்டிப்படும். நடுவிலும் குமிழி தடிப்பாக எழும்வரை வெளியே எடுப்பதில்லை. பிளாக்பெர்ரி என்றால் கான்ஃப்ளாரை இரட்டிப்பாக்குவேன். பட்டையைவிட ஒரு துளி சாதிக்காய்தான் பீச்சுக்குப் பொருத்தம் என்பது என் முடிவு.

மே மாதப் பழத்தில் நான் செய்வதில்லை. அதில் சதை கொட்டையை விடாது, அறுப்பதற்குள் பாதி நசுங்கிவிடும். ஜூன் பிற்பாதியிலிருந்து கொட்டை தானாகக் கழன்று வரும் வகைகள் வரத் தொடங்கும். எல்பெர்ட்டா கிடைத்தால் இரண்டு பெட்டி வாங்குவேன். இதே மாநிலத்தின் மார்ஷல்வில்லில் சாமுவேல் ரம்ஃப் 1870களில் உருவாக்கிய வகை அது. கொதித்தாலும் துண்டு கரையாது. கொதிநீரில் அரை நிமிடம் போட்டு ஐஸ் தண்ணீரில் எடுத்தால் தோல் கையோடு உரிந்து வரும்.

சட்டியில் ஒரு குறை உண்டு. மூன்றாம் கோடையில் மிச்சத்தை ராத்திரி அதிலேயே விட்டுவிட்டேன். காலையில் காப்ளரில் இரும்பு வாடை. பழத்தின் புளிப்பு, பழக்கியிருந்த எண்ணெய்ப் பூச்சையும் அங்கங்கே அரித்திருந்தது. திரும்ப எண்ணெய் தடவி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்துப் பழக்க வேண்டியதாயிற்று.

அதன்பிறகு, சாப்பிட்டு முடித்த கையோடு மிச்சத்தைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுகிறேன். மறுநாள் காலை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற காப்ளரைக் காபியோடு சாப்பிடுவது எனக்கு ஐஸ்கிரீமோடு சாப்பிடுவதைவிடப் பிடித்திருக்கிறது.