ஹெட்போன் நல்லதுதான், அந்தக் குஷன்தான்...

ஆன்லைன் சேலில் விலை இறங்கியதிலிருந்து "அண்ணா, நீங்க மாட்டினு சுத்துறது அதுதானே, வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். மாடல் பெயரைப் போடவில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் நான் திட்டப்போகிற விஷயம் இந்த விலையில் வருகிற பாதி ஹெட்போன்களுக்குப் பொருந்தும். ஸ்டுடியோ மானிட்டர் வகை, அதாவது ரெக்கார்டிங்கைச் சரிபார்க்க மாட்டுவது, காதை முழுசாக மூடும் கப், ஒயர் உண்டு, பேட்டரியும் நாய்ஸ் கேன்சலிங்கும் கிடையாது. டிரைவர் (கப்புக்குள் இருக்கிற குட்டி ஸ்பீக்கர்) எத்தனை மில்லிமீட்டர், எத்தனை ஓம் என்பதெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருக்கிறது, அதை நான் வேறு எழுத வேண்டாம்.

நான் என்ன கேட்பவன் என்று சொல்லிவிட்டால் மீதி புரியும். ராக், இண்டி, கொஞ்சம் மெட்டல், நம் ஊர் பேண்டுகள். இருப்பது வட சென்னை, திருவொற்றியூர். எங்கள் பக்கம் மேடை போட்டால் அது கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், இல்லை என்றால் சாவு வீட்டுக் கானா. ராக் கச்சேரி எல்லாம் அடையாறு, நுங்கம்பாக்கம், ஈசிஆர் என்று ஊரின் அந்தக் கோடியில்தான் நடக்கும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ எங்கள் பக்கம், விம்கோ நகர் வரைக்கும் வந்தது, இனிமேல் கவலை இல்லை என்று நினைத்தால், மெயின் பேண்டு சவுண்டு செக் முடித்து மேடையில் ஏறுகிற நேரத்துக்கு நான் வாட்சைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, ராத்திரி 11 மணியோடு சர்வீஸ் முடிந்துவிடும். ஆட்டோக்காரரிடம் திருவொற்றியூர் என்று சொன்னால் அவர் பார்க்கிற பார்வை தனி. ஆகவே எனக்கு முக்கால்வாசி கச்சேரி காதுக்குள்தான் நடக்கிறது. வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு வரிசை கட்டி நிற்கும். இந்தக் கப் அந்தச் சத்தத்தைப் பெருமளவு வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. அதற்கே ஒரு கும்பிடு.

சரி, இது என்ன கொடுத்தது? கிதார் தெளிவாகக் கேட்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கேட்கிறது, அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆச்சரியம் பேஸ் கிதார், தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற அந்தக் கிதார். போன் ஸ்பீக்கரிலும் டிரெயினில் விற்கிற நூறு ரூபாய் இயர்போனிலும் பேஸ் என்பது ஒரு 'ம்ம்ம்', அவ்வளவுதான். இதில் வாசிக்கிறவரின் விரல் கம்பியை விட்டு எழும்புகிற சத்தம் வரைக்கும் கேட்கும். டிரம்ஸுக்கு ஒரு மயிரிழை பின்னால் அவர் வேண்டுமென்றே இழுத்து வாசிக்கிறாரா, இல்லை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடுகிறாரா என்பது தெரியும். அது தெரிந்தபிறகு, ஒரு அறைக்குள் நாலு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வாசிக்கிற சமாச்சாரம்தான் பேண்டு என்பது முதல்முறையாகக் காதுக்கு உறைக்கிறது.

ஜாய் டிவிஷன் கேட்டிருப்பீர்கள், மான்செஸ்டர்காரர்கள். அதில் பேஸ் வாசித்த பீட்டர் ஹூக், கிதாரின் கழுத்தில் உயரமான சுரங்கள் வரும் பகுதியிலேயே வாசித்துக்கொண்டிருப்பார், பாட்டின் மெட்டே பல நேரம் அவர் கையில்தான் இருக்கும். காரணம் பெரிய கலைக் கொள்கை ஒன்றும் இல்லை. அவரிடம் இருந்தது மட்டமான ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் பெர்னார்ட் சம்னரின் கிதார் சத்தம், தாழ்வாக வாசித்தால் அவர் வாசிப்பது அவருக்கே கேட்காது. அதனால் மேலே போனார், அதுவே அந்த பேண்டின் அடையாளமாகிவிட்டது. காசில்லாமல் வாங்கிய மட்டமான சாமான் ஒரு பாணியையே உண்டாக்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம், வியாசர்பாடி பையன்கள் கையில் கிடைத்ததைத் தட்டிக் கானா பாடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இருக்கத்தானே செய்யும். இந்தக் கதை தெரிந்துகொண்டு இந்த ஹெட்போனில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள், கிதாரை மறந்து பேஸ் பின்னாலேயே போவீர்கள். நம் நாட்டில் இந்தியன் ஓஷன் இருக்கிறார்கள், 1990இல் டெல்லியில் ஆரம்பித்தவர்கள். ராகுல் ராம் பேஸும் வாசிப்பார், முன்னால் நின்று பாடவும் பாடுவார். அவருடைய குரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இழுபறி, சாதாரண இயர்போனில் சுத்தமாகக் காணாமல் போய்விடும்.

எல்லாவற்றையும் விட என்னை அசைத்தது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி, இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்த்துக் கட்டிய கூட்டம், ஏறக்குறைய இருபது பேர், கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். வட சென்னையின் சத்தத்தை ராக் பேண்டு அமைப்புக்குள் கொண்டுவந்தார்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள், நான் கேட்டால் ராக்கைத்தான் எங்கள் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்பேன். ஹெட்போனில் விஷயம் என்னவென்றால், பறையில் ரெண்டு குச்சி இருக்கிறது அல்லவா, தடியாகக் குட்டையாக இருக்கிற அடிக்குச்சி, மெல்லிசாக நீளமாக இருக்கிற சுண்டுகுச்சி. தெருவில் கேட்கும்போது ரெண்டும் ஒன்றாக நெஞ்சில் வந்து விழும். இதில் அடிக்குச்சி 'தம்' என்று கீழேயும், சுண்டுகுச்சி 'சளீர்' என்று மேலேயும், ரெண்டும் தனித்தனியாக, நடுவில் பேஸ் கிதார் தன் இடத்தில். சின்ன வயதிலிருந்து கேட்ட வாத்தியம், அதற்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு ஜப்பான்காரனோ சீனாக்காரனோ செய்த பிளாஸ்டிக் கப் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இப்போது குஷன்.

காதைச் சுற்றி உட்காரும் அந்தக் கருப்பு வளையம். தோல் என்று நினைக்காதீர்கள், துணி மேல் பாலியூரித்தேன் பூச்சு, நம் பாஷையில் ரெக்சின். காற்றில் இருக்கிற ஈரம் அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே இருக்கும், சூடும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் வேகம். பீரோவில் பத்திரமாக வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்வதற்கும் பல நேரம் இதே காரணம்தான். குளிரூட்டிய ஸ்டுடியோவில் உட்கார்ந்து இதை டிசைன் செய்தவருக்குக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டில், ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உப்பிக் கிடக்கிற வீட்டில், ஃபேன் காற்றில், அக்னி நட்சத்திரத்தில் ஒருவன் இதை மாட்டிக்கொண்டு உட்காருவான் என்று தெரிய நியாயம் இல்லை. ஆனால் இதே சாமானை இங்கே கொண்டுவந்து விற்கிறவருக்குத் தெரியலாமே?

முதல் வெயில் காலம் தாண்டுவதற்குள் உரிய ஆரம்பித்தது. காது மடலில், சட்டைக் காலரில், தலையணை உறையில், எங்கு பார்த்தாலும் கருப்புச் செதில். "இன்னாடா காதாண்ட கரி அப்பிக்கினு கீது?" என்று அம்மா முந்தானையால் துடைக்க வந்தார். ஆபீஸில் ஒருவர் மரியாதையாக, தலைக்கு டை அடித்தது வழிகிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணாலேயே ஜாடை காட்டினார். அசிங்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கோபம் வேறு. அந்த வளையம் வெறும் மெத்தை இல்லை, பேஸைக் காதுக்குள் அடைத்து வைக்கும் மூடியே அதுதான். மூடிய கப் ஹெட்போனில் காதைச் சுற்றிச் சின்ன ஓட்டை விழுந்தாலும் முதலில் வெளியே ஓடுவது தாழ்ந்த சத்தம். ரெக்சின் உரிய உரிய, உள்ளே இருக்கிற பஞ்சு அமுங்க அமுங்க, பேஸ் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். நண்பன் ஒருவன் இதே மாடல்தான் வைத்திருக்கிறான், சென்னை பேண்டான தி எஃப்16ஸை நன்றாகக் கேட்கிறவன், திடீரென்று "மச்சான், இவனுங்க சவுண்டு மெலிஞ்சிட்ச்சுடா" என்று ஆரம்பித்துவிட்டான். அவன் குஷனைத் தடவிப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. உங்களிடம் இருப்பதைச் சோதிக்க வேண்டுமானால் பாட்டு ஓடும்போது ரெண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள், பேஸ் குபுக்கென்று ஏறினால் குஷன் காலி என்று அர்த்தம்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு தண்டம். கண்ணாடிக் காம்பு போகிற இடத்தில் எப்போதும் ஒரு இடைவெளி இருக்கும். நான் இதற்காகவே கம்பி மாதிரி மெல்லிய காம்பு உள்ள ஃபிரேம் வாங்கினேன், கண்ணாடிக் கடைக்காரர் "மூஞ்சிக்கு எடுப்பா இல்ல சார்" என்று கடைசி வரைக்கும் சொல்லிப் பார்த்தார்.

கம்பெனிக்கு எழுதினேன். குஷன் தேய்மானப் பொருளாம், வாரண்டியில் வராதாம். சரி, காசுக்கே கொடுங்கள் என்றேன். இந்தியாவில் ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று ரொம்பப் பணிவாக ஒரு பதில். அதன் பிறகு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்தான் கதி. அங்கே கிடைக்கிற லோக்கல் குஷன் அளவில் சரியாக உட்காரும், பஞ்சு மட்டும் கட்டை, ஆழமும் குறைவு, காது உள்ளே துணியில் போய் முட்டும், டிரைவருக்கும் காதுக்கும் இருக்க வேண்டிய தூரம் மாறுவதால் டிரம்ஸில் இருக்கிற சிம்பல் தட்டின் சத்தம் ஊசியாகக் குத்தும். வெல்வெட் மாதிரித் துணி வைத்தது ஒன்று மாட்டிப் பார்த்தேன். உரியாது, குளுகுளுவென்று இருக்கும், ஆனால் துணி காற்றை விடும், ஆகவே பேஸையும் விடும், போதாக்குறைக்கு வியர்வையைக் குடித்துக்கொண்டு ஒரு வாடை. அசல் ஆட்டுத் தோலில் வருகிறது, விலையைக் கேட்டால் தலை சுற்றும், தோல் என்பதால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்குமா என்ற பயம் வேறு. முன்யோசனையாக ரெண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பத்திரப்படுத்தலாம் என்றும் நினைக்காதீர்கள், உபயோகிக்காமல் வைத்தாலும் ஈரம் அதைத் தேடிப் போகும். கடைசியாகக் கண்டுபிடித்த வழி: ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஷூ பெட்டியில் வரும் சிலிகா பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைப்பது. ஆயுள் கொஞ்சம் கூடுகிறது. போன வாரம் மறுபடியும் மாற்றப் போனபோது கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இன்னுமா அத்த வெச்சினு கீறீங்க?" என்றார். பேரம் பேசாமல் கொடுத்தார், பாவப்பட்டிருப்பார் போல.

குஷன் வந்து சேரும் வரைக்கும் என்ன கேட்பது என்றால், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் கேளுங்கள். ஒரு கிதார், ஒரு டிரம்ஸ், பேஸ் வாசிக்க ஆளே கிடையாது, கசிந்து போகப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதிலும் ஜாக் ஒயிட் சில இடத்தில் பெடலை மிதித்துக் கிதாரையே பேஸ் மாதிரி இறக்கி வாசிப்பார், அப்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

மற்றதெல்லாம் சட்டுபுட்டென்று. ஒயர் கழற்றி மாட்டுவது, நல்ல வசதி, ஆனால் கம்பெனி ஒயர்தான் அந்த ஓட்டையில் சரியாகப் பூட்டும். இப்போதைய பல போன்களில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இல்லை, ஒயரைப் போனில் சொருக சின்ன டாங்கிள் ஒன்று வாங்க வேண்டும், அது தொலைந்துகொண்டே இருக்கும். மைக் சுமார். பிளாஸ்டிக் கீல் இன்னும் உடையவில்லை, பலமுறை கீழே விழுந்திருக்கிறது, இதற்கு முழு மார்க்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். வாங்கலாமா? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரத்தில் உள்ளவர்களுக்கு, ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு, என் பதில் வேண்டாம். இறங்கின விலையில் மிச்சமாகும் காசை ரெண்டு வருஷத்தில் குஷனுக்கே கொட்டி அழுதுவிடுவீர்கள், அந்தப் பணத்துக்கு, பேண்டுகளே தங்கள் பாட்டை விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் நம் பசங்களின் ஆல்பங்களை வாங்கினால் அவர்களுக்காவது நாலு காசு போகும். இப்படிச் சொன்னதும் தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவன், "அப்போ உங்களுதை எனக்குக் குடுத்துடுங்கண்ணா, செகண்ட் ஹேண்ட் ரேட்ல எடுத்துக்கறேன்" என்றான். நான் என்ன பைத்தியமா? அதைத் தர மாட்டேன். அவன் எப்படியும் புதிதாக ஒன்று வாங்கத்தான் போகிறான், குரலிலேயே தெரிகிறது. தம்பி, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகும்போது ஒரு போன் போடு, எனக்கும் ஒரு ஜோடி சேர்த்து எடுத்துக்கொண்டு வா, ஜிபே பண்ணிவிடுகிறேன்.