புறநகர் நடைபாதை: பேவர் கல்லா, கான்கிரீட்டா?

பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வராத சென்னைப் புறநகர்த் தெருவென்றால் பேவர் கல்தான். கல்லைப் பெயர்த்து, குழாய் பதித்து, அதே கல்லைத் திரும்ப அடுக்கலாம். கான்கிரீட்டை உடைத்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் விரிசல் விடும்.

பேவர் பாதை கெடுவது பெரும்பாலும் அடித்தளத்தால்தான். மண்ணை இறுக்கி, ஜல்லிப் படுகை போட்டு, அதையும் இறுக்கிய பிறகே சுமார் 30 மி.மீ. மணல் பரப்ப வேண்டும். அவசரத்தில் பள்ளங்களையும் மணலாலேயே நிரப்பிவிடுகிறார்கள். மழைநீர் அதை அரிக்க, கல் ஆடத் தொடங்கும், முதியவர்கள் தடுக்கி விழுவார்கள். ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் பதிக்காவிட்டால் வரிசையே விலகும். நடக்க 60 மி.மீ. கல் போதும், கார் ஏறும் வாசல்களில் 80 மி.மீ. வேண்டும்.

தோண்டும் வேலை முடிந்த தெருவில் கான்கிரீட்டே மேல். சக்கர நாற்காலிக்கும் குழந்தைகளின் சைக்கிளுக்கும் அதிராத பரப்பு அது. 100 மி.மீ. கனம், கண்டபடி விரிசல் விடாமலிருக்க ஒன்றரை மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு, குறைந்தது 7 நாள் கியூரிங் (ஈரம் காயாமல் வைத்திருப்பது). வழுக்காமலிருக்க, ஈரத்திலேயே துடைப்பத்தால் குறுக்கே கோடிழுக்க வேண்டும்.

இரண்டிலும் தண்ணீர் வடிய 50-க்கு 1 சரிவும், சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் 1.8 மீட்டர் தடையற்ற அகலமும் கட்டாயம். மின்பெட்டியை அந்த அகலத்துக்கு வெளியே தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.