மி.லி. பொத்தானை மட்டும் நம்பாதீர்கள்

தொதல் (அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துக் கிண்டும் இனிப்பு) செய்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேக் சுடுகிறவர்களும் படிக்கலாம். ராமநாதபுரத்தில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய பேட்டரித் தராசு. 5 கிலோ வரை தாங்கும், கிராம் கணக்கில் காட்டும். கொடுத்த காசுக்கு மோசமில்லை.

எங்கள் கீழக்கரையில் பெரியவர்கள் அளவு சொல்வது படியிலும் டம்ளரிலும்தான். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 8 ஆழாக்கு ஒரு படி. அரிசிக்கு அந்தக் கணக்கு போதும், அரிசி அமுங்காது. மாவு அமுங்கும். ஒரே 240 மி.லி. கப்பில் சலித்த அரிசி மாவை மெதுவாக அள்ளிப் போட்டால் 125 கிராம் அளவில் நின்றது. தட்டித் தட்டி நிரப்பினால் 160ஐத் தாண்டியது. தொதல் சில வீடுகளில் கல்லாகவும் சில வீடுகளில் களியாகவும் போவதற்குக் கைராசி காரணமில்லை, இந்த 35 கிராம்தான் காரணம். சீனி அப்படி ஏமாற்றாது, கப்புக்கு 200 கிராம். கருப்பட்டிக்கோ தராசை விட்டால் வேறு கதியில்லை. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைத் தட்டிக் கப்பில் போட்டால் பாதி இடத்தில் காற்றுதான் இருக்கும்.

துபாயில் இருக்கும் மருமகள், "மாமி, எந்த டம்ளர்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்கே பாதி விலை சரியாகிவிட்டது.

குறைக்கு வருகிறேன். அட்டைப் பெட்டியில் "மி.லி. அளவும் காட்டும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது காட்டுவது தண்ணீரின் கணக்கை. 100 மி.லி. நெய் ஊற்றினால் 91 என்கிறது. நெய் தண்ணீரைவிட லேசு. அதே அளவு தேன் ஊற்றினால் 140ஐத் தொடுகிறது. கிராமில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பொத்தான் இருப்பதையே மறந்துவிடுங்கள்.

ஏலக்காய்த் தூளை விரலால் தூவினால் எண் அசைவதே இல்லை. அதற்கு ஸ்பூன் இருக்கிறது. ஆனால் உப்புக்கு ஸ்பூனை நம்பாதீர்கள்: தூளுப்பு ஒரு கப் 290 கிராமை ஒட்டி வரும், வாலிநோக்கத்துக் கல்லுப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால் அவ்வளவு வராது. ஊறுகாய் போடுகிறவர்கள் நிறுத்தே போடுங்கள்.

சற்று நேரம் தொடாமல் விட்டால் தராசு தானாக அணைந்துவிடுகிறது. தேங்காய் துருவி வருவதற்குள், கழித்து வைத்திருந்த பாத்திரத்தின் எடையும் போய்விடும். அதனால் சட்டியின் அடியில் மார்க்கரால் 412 என்று எழுதி வைத்திருக்கிறேன். அகலமான பாத்திரம் வைத்தால் எண் மறைந்துவிடுகிறது. குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். என் முட்டிக்கு அது ஆகாது. கடற்காற்றில் பேட்டரி தொடும் தகடு பச்சை பூக்கிறது. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது.

வாங்கும்போது கடையிலேயே பேட்டரி போடச் சொல்லுங்கள். பக்கத்து மளிகைக் கடையில் ஓர் எடைக்கல் கேட்டு வாங்கி, நடுவிலும் நான்கு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். ஓரத்துக்கு ஓர் எண் வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.