12.9 போல்ட்டுக்கு ஜிங்க் பிளேட்டிங்கா, ஜிங்க் ஃபிளேக்கா?

மாலையில் டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக முறுக்கிய போல்ட்டின் தலை, மறுநாள் காலை தரையில் கிடக்கும். வண்டி நகரவே இல்லை, யாரும் தொடவும் இல்லை. உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் கற்கண்டை உடைத்தது போல மணிமணியாக மின்னும்; இழுபட்டு மெலிந்த அடையாளமே இருக்காது. எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் செய்யும் வேலை இது.

எல்லா போல்ட்டுக்கும் இந்த பயம் தேவையில்லை. 8.8, 10.9, 12.9 என்பவை போல்ட்டின் வலிமை வகைகள்; எண் கூடக் கூட வலிமையும் கடினமும் கூடும். ராக்வெல் சி அளவில் கடினம் 39-ஐத் தாண்டும்போதுதான் ஆபத்து கூடுகிறது. 10.9 வகை 32 முதல் 39 வரைதான், 12.9 வகையோ 39-இல் தொடங்கி 44 வரை போகும். ஆகவே 8.8, 10.9 இரண்டுக்கும் ஜிங்க் பிளேட்டிங்கே, அதாவது மின்சாரத்தால் துத்தநாகம் பூசுவதே, தாராளம். கேள்வி 12.9-க்குத்தான்.

பிளேட்டிங் மலிவு, பார்க்கவும் பளபளப்பு, மரையையும் அடைக்காது. ஆனால் துரு போக ஆசிட்டில் முக்கும்போதே ஹைட்ரஜன் உள்ளே போய்விடுகிறது. அப்புறம் மின்தொட்டியில் இன்னும் கொஞ்சம். மேலே படியும் துத்தநாகம் மூடி போட்ட மாதிரி அதை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. இதற்கு மருந்து, 4 மணி நேரத்துக்குள் ஓவனில் ஏற்றி 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் வைப்பது. 1875-லேயே ஜான்சன் என்பவர், ஆசிட்டில் ஊறி நொறுங்கும் இரும்புக் கம்பி, நாளாக நாளாகத் தானே பழைய வலுவுக்குத் திரும்புவதைக் கண்டு எழுதினார். அந்த மீட்சியைத்தான் ஓவன் விரைவுபடுத்துகிறது. என் மனக்குறை ஒன்றுதான்: ஓவனில் வைத்த போல்ட்டையும் வைக்காத போல்ட்டையும் கையில் கொடுத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. இரவு ஷிஃப்டில் ஒரு தொகுதி தவறிப்போனால், அது தெரியவருவது வண்டியில் பூட்டிய பிறகுதான்.

ஃபிளேக்கில் ஹைட்ரஜனுக்கு அந்த நுழைவாசலே இல்லை. ஆசிட்டுக்குப் பதில் ஷாட் பிளாஸ்ட், அதாவது சின்ன உலோக மணிகளை வேகமாக அடித்துத் துருவை நீக்குவது. மின்சாரத்துக்குப் பதில், துத்தநாக, அலுமினியச் செதில்கள் கலந்த திரவத்தில் கூடையோடு முக்கி, சுழற்றி உதறி, சூட்டில் இறுக வைப்பது. துருவையும் நன்றாகத் தாங்கும். விலை கூடுதல், நிறம் மங்கலான சாம்பல், சின்ன மரைகளிலும் ஆலன் கீ குழியிலும் பூச்சு தேங்கும். இருந்தாலும் 12.9-க்கு நான் ஃபிளேக்கைத்தான் கேட்பேன்.

ஃபிளேக் போட்டுவிட்டதால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் இல்லை. பூச்சு கீறி, ஈரம் நின்றால், துத்தநாகம் தன்னைக் கரைத்து எஃகைக் காக்கும். அதே நேரத்தில் வெறும் எஃகின் மேல் ஹைட்ரஜன் பிறக்கும். 2013-இல் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாண்ட் பாலத்தில், இழுத்து முறுக்கிய 96 கம்பிகளில் 32 சில நாட்களிலேயே முறிந்தன. அவை சூடான துத்தநாகத்தில் தோய்த்தவை. பொருத்திய குழிகளில் தண்ணீர் தேங்கி நின்றிருந்தது.

சேறும் தண்ணீரும் படும் அடிப்பகுதிக்கு, இடம் இருந்தால், மூன்றாவது வழியைப் பாருங்கள்: 12.9-க்குப் பதில் ஒரு அளவு பெரிய 10.9. எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்) அளவில் 12.9 போல்ட் குறைந்தபட்சம் 70.8 கிலோநியூட்டன் தாங்கும். எம்12 அளவில் 10.9 போட்டால் 87.7 தாங்கும்.