ஜாங்கோவில் டிஃபால்ட் மதிப்புகள்: நெடுநாள் பழகிய பிறகு

பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவில், டேபிளை விவரிக்கும் மாடலில் ஒரு ஃபீல்டுக்கு டிஃபால்ட் (மதிப்பு எதுவும் தராவிட்டால் நிரப்பிக்கொள்வது) கொடுத்துவிட்டால் அது டேபிளிலும் போய் உட்கார்ந்துவிடும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் பலரும் நினைக்கிறார்கள். உட்காராது. அந்த மதிப்பை நிரப்புவது பைத்தான்தான், டேட்டாபேஸுக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. புது ஃபீல்டு சேர்க்கும் மைக்ரேஷன்கூட (மாடலில் செய்த மாற்றத்தை டேபிளுக்குக் கொண்டுபோகும் ஃபைல்), ஏற்கெனவே இருக்கிற ரோக்களை நிரப்பிக்கொள்ள டேபிளில் ஒரு டிஃபால்டை வைத்து, வேலை முடிந்த கையோடு அதை எடுத்தும் விடும்.

டேபிளில் எழுதுவது ஜாங்கோ மட்டும்தான் என்றால் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை, வருஷக்கணக்கில் ஓட்டலாம். என்றைக்கு வேறொரு ஸ்கிரிப்ட் நேராக எஸ்கியூஎல்லில் ரோ சேர்க்க வருகிறதோ, அன்றைக்கு அந்த ஃபீல்டு காலியாக இருக்கக் கூடாது என்று பிழை வந்து நிற்கும். மாடலைத் திறந்து பார்த்தால் டிஃபால்ட் அங்கே அழகாக இருக்கும்!

2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0 பதிப்பில், டிஃபால்டை டேபிளிலேயே வைக்கிற டிபி_டிஃபால்ட் சேர்ந்த பிறகுதான் இந்தத் தலைவலி தீர்ந்தது. ஸ்டேட்டஸ், உருவான நேரம் மாதிரியானவற்றுக்கு இப்போது நான் அதைத்தான் வைக்கிறேன். இரண்டையும் சேர்த்தே வைக்கலாம். ஜாங்கோ வழியாக வந்தால் பழைய டிஃபால்ட், வெளியிலிருந்து வந்தால் டேபிளில் இருப்பது. ஒரு எரிச்சல் மட்டும் உண்டு: டிபி_டிஃபால்ட் மட்டும் வைத்த ஃபீல்டை சேவ் பண்ணுவதற்கு முன்னால் படித்தால் மதிப்பு கிடைக்காது, அதற்குப் பதிலாக ஏதோ ஒரு ஆப்ஜெக்ட் வந்து நிற்கும், அதை வைத்து இஃப் போட்டால் கதை கந்தல்.

அப்புறம் அந்த அடைப்புக்குறி விவகாரம். இப்போதைய நேரத்தை டிஃபால்டாக வைக்க, டைம்சோன்.நவ் என்று ஃபங்ஷனை மட்டும் கொடுக்க வேண்டும். பின்னால் அடைப்புக்குறி போட்டால் சர்வர் கிளம்பிய நேரமே எல்லா ரோவிலும் ஏறும், மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை ஓட்டும்போதெல்லாம் புதிதாக ஒரு மைக்ரேஷன் ஃபைலும் முளைக்கும்.

டிஃபால்டுக்கு லாம்டாவும் (பெயரில்லாத ஃபங்ஷன்) வேலைக்கு ஆகாது, மைக்ரேஷனில் எழுத முடியாது என்று மறுத்துவிடும். சரி என்று பெயர் வைத்து ஒரு ஃபங்ஷன் எழுதினால், பிறகு அந்த ஃபீல்டையே தூக்கினாலும் ஃபங்ஷனைத் தூக்க முடியாது, ஏனென்றால் பழைய மைக்ரேஷன் அதை இம்போர்ட் பண்ணிக்கொண்டிருக்கும். மைக்ரேஷன்களை ஸ்குவாஷ் பண்ணி (பலவற்றைச் சுருக்கி ஒன்றாக்கி), பழைய ஃபைல்களை அழிக்கும்வரை அது அங்கேயேதான் கிடக்கும்.