சாதனை மலரா, கொள்கைக் குறிப்பா, தணிக்கை அறிக்கையா?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் உட்காருவேன். போன வாரம் ஒரு தம்பி, அரசு தன் திட்டங்களைப் பற்றி வழவழப்பான தாளில் அச்சிட்ட சாதனை மலர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். எண் வந்த இடமெல்லாம் மஞ்சள் மை. "அக்கா, இதை மனப்பாடம் பண்ணிட்டா போதாதா? கொள்கைக் குறிப்பு, சிஏஜின்னு எதுக்கு இவ்வளவு?" என்றான். சிஏஜி என்பது அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். தம்பிக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மலரை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். திட்டம் எப்போது, எங்கே தொடங்கியது என்பதற்கு அது போதும். காலை உணவுத் திட்டம் மதுரையில், 2022 செப்டம்பர் 15. மகளிர் உரிமைத் தொகை காஞ்சிபுரத்தில், அதற்குச் சரியாக ஒரு வருடம் கழித்து. இதிலெல்லாம் தவறு வராது. ஆனால் தொடங்கியது நின்று போனால் மலரில் தேடிப் பயனில்லை. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். வடகிழக்குப் பருவமழை வருகிறதென்று ஒரு வாரத்துக்குள் நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2024 ஆகஸ்ட் 16 அன்று, தனியார் நிறுவனம் ஒன்றின் மூலம். தொடக்க விழாவை மட்டும் படித்தவருக்கு நடுவில் போன பத்து மாதம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பத்துக்குத் தெரியும்.

கொள்கை விளக்கக் குறிப்பு வேறு ரகம். துறையின் செலவுக்குச் சட்டமன்றத்திடம் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறை அமைச்சரும் சட்டமன்றத்தில் வைப்பது. துறை அதிகாரிகள் எழுதுவதால் நடை வறண்டிருக்கும். ஒதுக்கீடும் பணிகளின் நிலையும் அதில் வரும். அரசு இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இதைப் படிக்க ஒரு வழி உண்டு: ஒரே துறையின் அடுத்தடுத்த இரண்டு வருடக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வினைமுற்றை மட்டும் பாருங்கள். போன வருடம் "செயல்படுத்தப்படும்" என்று இருந்தது, இந்த வருடம் "செயல்படுத்தப்பட்டது" என்று மாறியிருந்தால் வேலை முடிந்திருக்கிறது. "செயல்படுத்தப்பட்டு வருகிறது" என்றால் எத்தனை வருடமாக வருகிறது என்று பின்னோக்கிப் போக வேண்டும். சில நேரம் அந்தப் பத்தியே காணாமல் போயிருக்கும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கும் இந்த முறை உதவும். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான். அதற்கு முன்பே ஊரெல்லாம் தோண்டி, தூண் எழும்பிவிட்டது. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடனும் இதில் இருக்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் இதைத் தங்கள் சாதனையாகச் சொல்கின்றன. பணம் எந்த வருடம் யார் கையிலிருந்து வந்தது என்று தெரிய மலரால் ஆகாது, பட்ஜெட் ஆவணமும் கொள்கைக் குறிப்பும் வேண்டும்.

இந்தக் குறிப்பும் அரசே தன்னைப் பற்றி எழுதிக்கொள்வதுதான். வெளியிலிருந்து ஒருவர் பார்த்து எழுதுவது சிஏஜி அறிக்கை. தம்பியின் வீடு நூலகத்துக்குப் பக்கத்தில், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் தரைத்தளத்தில். 2015 டிசம்பரில் அடையாறு உள்ளே வந்தபோது அவன் சின்னப் பையன். அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று சொன்னது சிஏஜி அறிக்கைதான். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதை அது கேள்வி கேட்டது. போனிலேயே எடுத்துக் காட்டினேன். மஞ்சள் பேனாவை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் படித்தான். இதன் குறை தாமதம். அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில், இரண்டரை வருடம் கழித்து. அதற்குள் எத்தனையோ பேர் வீட்டையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியுறவில்தான் எனக்கு மனக்குறை அதிகம். தூதரகக் கணக்கைத் தணிக்கை செய்ய ஆள் உண்டு. ஓர் ஒப்பந்தம் பலன் தந்ததா என்று வருடாவருடம் எடைபோட்டுச் சொல்ல அப்படி ஒருவர் இல்லை. அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் பயணங்களும் சந்திப்புகளும் வரிசையாக வரும். 2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு அரிசியும் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் கிளம்பியது. அனுப்பியது மாநில அரசு, அனுமதி தந்தது மத்திய அரசு. அதற்கு ஏப்ரல் 29 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. கப்பல் போனதையும் தீர்மானத்தையும் சேர்த்துப் படித்தால்தான் முழுக் கதையும் கிடைக்கும்.

ஆகவே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கொள்கைக் குறிப்பு, அதுவும் இரண்டு வருடத்தினுடையது. பணம் வீணானதா, உயிர் போனதா என்ற கேள்வி என்றால் சிஏஜி. அண்டை நாட்டு விவகாரம் என்றால் நாடாளுமன்றக் கேள்விகளுக்கு அமைச்சர் தரும் எழுத்துப்பூர்வ பதில். இலங்கைக் கடற்படை பிடித்த நம் மீனவர் எத்தனை பேர், இன்னும் சிறையில் எத்தனை பேர், படகு எத்தனை என்பதெல்லாம் எம்.பி.க்கள் கேட்டுக் கேட்டு வெளியே வந்தவை. 2024இல் மட்டும் பிடிபட்டவர்கள் 500ஐத் தாண்டினார்கள். ஆனால் அந்தப் பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. ராமேஸ்வரத்தில் காத்திருக்கும் வீட்டுக்காரம்மா அதை எப்படிப் படிப்பார்?

தம்பிக்கு இந்த வாரம் கொடுத்திருக்கும் வேலை, அப்படி ஒரு பதிலை எடுத்து முழுசாகத் தமிழில் எழுதிக்கொண்டு வருவது.