லேசான பனிப்புயல் நாளில் ஊழியர்களை எப்படி அனுப்புவது: ஒன்றாகவா, பிரித்தா, பொறுத்தா?

பத்து அங்குலம் பனி கொட்டப் போகிறது என்றால் முடிவெடுப்பது சுலபம். முதல் நாள் மாலையே அலுவலகத்துக்கு விடுமுறை சொல்லிவிடலாம். பாடாய்ப் படுத்துவது "ஒன்று முதல் மூன்று அங்குலம், மதியத்துக்குப் பிறகு" என்று முன்னறிவிப்பு வரும் நாள்தான். வெப்பநிலை 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது தண்ணீர் உறையும் நிலைக்கு, அக்கம்பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். மழை எங்கே முடிந்து பனி எங்கே தொடங்குகிறது என்ற எல்லை கொஞ்சம் ஒருபக்கம் தள்ளிப்போனால் ஈரச் சாலையோடு விஷயம் முடிந்துவிடும். மறுபக்கம் வந்தால் மாலை நேரப் போக்குவரத்து முழுக்க ஐஸ் மேல்தான். அமெரிக்காவின் தென்கிழக்கிலும் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்திலும் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி.

எங்கள் அலுவலகத்தில் இந்த முடிவு என் பொறுப்பு. பலவிதமாக யோசித்து, கடைசியில் ஊழியர்களைப் பிரித்துப் பிரித்து அனுப்பும் முறைக்கு வந்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்றால் பேச்சே இல்லை, காலையிலேயே யாரும் கிளம்ப வேண்டாம். மற்ற வேலைகளுக்குத்தான் இந்த ஒப்பீடு.

வழக்கமான நேரம் வரை பொறுத்துப் பார்ப்பது முதல் வழி. முன்னறிவிப்பு பொய்த்தால் ஒரு மணி நேர வேலைகூட வீணாகாது, நிர்வாகத்துக்கு இது பிடிக்கும். ஆனால் பொய்க்காத நாளில் ஐந்து மணிக்குக் கிளம்பும்போது இருட்டிக்கொண்டு வரும், சாலையின் வெப்பமும் இறங்கியிருக்கும். பகலில் டயர் பட்டு உருகிய பனி மறுபடி உறைவது அந்த நேரத்தில்தான். அரை நாள் வேலையை மிச்சம் பிடிக்க இவ்வளவு பெரிய பந்தயம் தேவையில்லை என்பது என் கருத்து.

அவரவர் விருப்பத்துக்கு விடுவது இன்னொரு வழி. கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில், மேலதிகாரி உட்கார்ந்திருக்கும்போது புதிதாகச் சேர்ந்தவர் எழுந்து போக மாட்டார். மணிக்கணக்குச் சம்பளக்காரரும் போக மாட்டார். தைரியம் உள்ளவர் பத்திரமாக வீடு சேர்வார், மற்றவர் மாட்டிக்கொள்வார்.

அடுத்தது எல்லாரும் செய்வது: பனி விழத் தொடங்கியதும் "சரி, எல்லாரும் கிளம்புங்கள்" என்று ஒரே அறிவிப்பு. கருணையான முடிவாகத் தெரியும் இதுதான் மிகவும் ஆபத்தானது. 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் விழுந்தது மூன்று அங்குலத்துக்கும் குறைவான பனி. அரசு அலுவலகங்கள், நிறுவனங்கள், பள்ளிகள் எல்லாம் மதியத்தை ஒட்டி ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே விட்டன. நெடுஞ்சாலைகள் அப்படியே உறைந்து நின்றன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியிலேயே இரவைக் கழித்தார்கள், பலர் காரிலும் கடைகளிலும் தூங்கினார்கள். பிரித்து அனுப்பியிருக்க வேண்டும் என்று மேயர் காசிம் ரீட் பிறகு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். வட கரோலினாவின் ராலே நகரத்தில் 2005 ஜனவரியில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே விழுந்த பனி ஓர் அங்குலம் அளவுக்குத்தான்.

இவ்வளவு சின்னப் பனி எப்படி ஒரு நகரத்தையே நிறுத்துகிறது? சாலை நிரம்பும் நேரமும் சாலை வழுக்கும் நேரமும் ஒன்றாகிவிடுவதால்தான். நெரிசலில் நகரும் கார்களின் டயர்கள் பனியை அழுத்தி உருக்குகின்றன, அது மெல்லிய ஐஸ் படலமாக உறைகிறது. மேம்பாலத்தில் ஒரு லாரி குறுக்கே திரும்பி நின்றால் போதும், பின்னால் எல்லாம் நிற்கும். பனியை உருக்க உப்புத் தூவும் வண்டிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொள்வதால் சாலையைச் சரிசெய்ய ஆளே வர முடியாது. முதலில் மழை பெய்து பிறகு பனியாக மாறும் நாளில் நிலைமை இன்னும் மோசம். முன்கூட்டியே தெளித்த உப்புக் கரைசலை மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

அதனால் இந்த ஒப்பீட்டில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: கடைசியாகக் கிளம்புகிறவர் எத்தனை மணிக்கு வீடு சேர்வார்? முதல் ஆள் எப்போது கிளம்பினார் என்பது முக்கியமே இல்லை. வாஷிங்டனில் 2011 ஜனவரி 26 அன்று மத்திய அரசு ஊழியர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போக அனுமதி கிடைத்தது. ஆனாலும் அவர்கள் சாலைக்கு வந்த வேளையிலேயே பனி வலுத்துக் கொட்டியது. எட்டு மணி நேரத்துக்கும் மேல் காரில் சிக்கியவர்கள் உண்டு. முன்னதாக அனுப்புவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இப்போது அங்கே மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகம் வைத்திருக்கும் முறைகளில் ஒன்று, ஒவ்வொருவரும் தன் வழக்கமான நேரத்துக்கு இத்தனை மணி முன்பாகக் கிளம்ப வேண்டும் என்பதோடு, யாராக இருந்தாலும் கிளம்பியாக வேண்டிய கடைசி நேரத்தையும் சேர்த்தே அறிவிப்பது. எனக்கு அந்தக் கடைசி நேரம்தான் முக்கியமாகப் படுகிறது.

நாங்கள் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறோம். தேசிய வானிலை சேவையின் மணிவாரி முன்னறிவிப்பில் பனி நான்கு மணிக்கு என்றால், மூன்று என்று வைத்துக்கொள்கிறோம். மிகத் தொலைவில் வசிப்பவருக்குச் சாதாரண நாளில் முக்கால் மணி நேரம் ஆகும் என்றால் அதை இரட்டிப்பாக்கி ஒன்றரை மணி நேரம். ஆக, கடைசிக் கார் ஒன்றரை மணிக்கு வெளியேறியிருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிப் போனால் முதல் குழு பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டும், முடிவு பத்தரைக்குள் வர வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு துளி பனிகூட விழாத நேரம் அது. அந்தத் தயக்கத்தைத் தாண்டுவதுதான் இந்த முறையில் உண்மையான சிரமம்.

தூரத்துக்காரர்கள், பேருந்தை நம்பி இருப்பவர்கள், பாலம் தாண்டிப் போகிறவர்கள் முதல் குழு. பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் அது மற்றச் சாலைக்கு முன்பே உறையும். சின்னப் பிள்ளைகளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர வேண்டியவர்களும் இவர்களோடுதான். நடந்தே போய்விடக்கூடியவர்கள் கடைசி.

பிரித்து அனுப்புவதிலும் குறை உண்டு. "அவருக்கு மட்டும் ஏன் முதலில்?" என்ற முணுமுணுப்பு வரும், பட்டியலை முன்கூட்டியே எல்லாருக்கும் காட்டிவிட்டால் பாதி அடங்கும். பனி வராமல் ஏமாற்றும் நாளில் அரை நாள் போனது போனதுதான், அந்தச் செலவை நான் ஒப்புக்கொள்கிறேன். மருத்துவமனை, இடைவிடாமல் ஷிப்ட் ஓடும் தொழிற்சாலை போன்ற இடங்களில் இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. கடும் பனிக்குப் பழகிய பஃபலோ, மினியாபொலிஸ் போன்ற ஊர்க்காரர்களுக்கு இரண்டு அங்குலம் ஒரு பொருட்டே இல்லை, அங்கே பொறுத்துப் பார்ப்பதே சரியாக இருக்கலாம்.

அப்புறம், சம்பளம். நிலையான சம்பளம் வாங்கும் மேலதிகாரிகளுக்கு அலுவலகம் பாதி நாளில் மூடினாலும் முழுச் சம்பளம் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மணிக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கு, செய்யாத நேரத்துக்குப் பணம் தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இதை அப்படியே விட்டால், முதல் குழுவில் பெயர் இருக்கும் வரவேற்பாளர் ஐந்து மணி நேரக் கூலியை நினைத்து உட்கார்ந்தே இருப்பார். மீதி நேரத்துக்கும் பணம் உண்டு என்று கிளம்பச் சொல்லும் அதே செய்தியில் எழுதிவிடுகிறோம். மதியம் ஒன்றரை மணி தாண்டியும் யாராவது உள்ளே இருந்தால், சாலை நிலவரம் தெளியும் வரை அவரைக் கிளம்ப விடுவதில்லை. அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு.